பின்னால் நின்ற ஆள்

படித்துவிட்டுச் சிரிப்பீர்கள், பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான், பி.எஸ்ஸி. பிசிக்ஸ், யாரையாவது முனி அடித்துவிட்டது என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சண்டை போடுகிற ரகம். அதனால் இதைப் பேய்க்கதை என்று நான் சொல்லவரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2005, உப்பு வாருகிற சீசன். மரக்காணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எனக்குக் கம்ப்யூட்டரில் போட்டோ சரிசெய்கிற வேலை. பின்னால் தொங்குகிற வயர், சுவர்க் கறை, குறுக்கே வந்த நாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். பக்கத்து இடத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதன்மேல் அப்ப வேண்டும், ஒரே இடத்திலிருந்து எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும், நிழலையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று முதலாளி பாயே சொல்வார்.

அப்போதுதான் திண்டிவனத்தில் எனக்கு ஒரு பெண் அமைகிற மாதிரி வந்தது. தரகர் அங்கே போய், பையன் வீட்டுக்குச் சொந்தமாக உப்பளம் இருக்கிறது என்று அடித்துவிட்டிருந்தார். எங்கள் அப்பா வேறொருவர் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். இல்லை என்று நான் மறுத்துச் சொல்லவில்லை.

"உப்புக் குவியல் பின்னால தெரியற மாதிரி ஒரு போட்டோ குடு தம்பி, அப்பதான் நம்புவாங்க" என்றார் தரகர். பாய் காலையிலேயே டிஜிட்டல் கேமராவோடு அந்த உப்பளத்துக்கே வந்து வரப்பில் நிற்கவைத்து எடுத்தார்.

கடைக்கு வந்து திறந்து பார்த்தால், என் தோளுக்குப் பின்னால் நாலு பாத்தி தள்ளி அப்பா. ஒரு கையில் உப்பு வாரும் பலகை, இன்னொரு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, பிள்ளை போட்டோ எடுத்துக்கொள்கிறானே என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். முகம் முழுக்கக் கையின் நிழல்.

"யாரோ வேலை ஆளு உள்ள வந்துட்டான் பாரு, எடுத்துடு" என்றார் பாய். அவருக்கு அப்பாவைத் தெரியாது.

"சரிங்க பாய்" என்றேன்.

காலிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் பாத்தித் தண்ணீரில் தெரிந்த அவர் பிம்பம். அப்புறம் பலகை, இடுப்பு, மார்பு. முகத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. அழித்துவிட்டு அந்த பைல் மேலேயே சேவ் பண்ணினேன்.

பிரிண்டைக் கையில் எடுத்த பாய், "ஏம்பா, ஆளு அப்படியே நிக்கிறான், என்னத்த எடுத்த?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். வெறும் உப்பு.

"வெளையாடாதீங்க பாய்."

"நான் ஏன்டா வெளையாடறேன்? கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணு போச்சு இவனுக்கு!" என்று என்னைத் திரைக்கு முன்னால் இழுத்து விரல் வைத்துக் காட்டினார். "இதோ தலை, இதோ கை." அந்த விரலுக்குக் கீழே எனக்கு உப்புதான் தெரிந்தது. அதற்குள் தரகர் வந்து பிரிண்டைப் பிடுங்கிக்கொண்டார். "வேலை ஆளு ஒருத்தன் நிக்கறது நல்லதுதான், மொதலாளி களை வந்துடுச்சு" என்று போயே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். அப்பா என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உப்பில் வெடித்த கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தார்.

"பின்னால நிக்கறது யாருங்க?"

அப்பா வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சொல்ல நாக்கு கூசுகிறது, நான்தான் என்று சொல்லிவிடாதே என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்மகிட்ட வேலை செய்யற ஆளுங்க" என்றார் அப்பா. "ரொம்ப வருஷமா இருக்கறான்."

நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் நடந்தது. விடிவதற்கு முன்னால் பலகையோடு கிளம்புகிற மனுஷனை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரே வாரத்தில் என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "மாமாவையா ஆளுன்னு சொல்ல உட்டீங்க?" என்று கேட்டவள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பாண்டிச்சேரியில் கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தேன். கண் சுத்தமாக இருக்கிறது என்றார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தவள் அந்தப் போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல மாமா நெத்தியில கைய வெச்சு நம்ம பக்கம்தானே பாத்துட்டு இருந்தாரு?"

"ஆமா."

"இப்ப முதுகு காட்டிட்டு நடந்துட்டு இருக்காரு. சின்னதா ஆயிட்டாரு. ரெண்டு பாத்தி தாண்டிட்டாரு போல."

பிடுங்கிப் பார்த்தேன். உப்பும், சிரித்துக்கொண்டிருக்கிற நானும்தான் இருந்தோம். அன்றைக்கும் அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் எத்தனை பாத்தி இருக்கிறது என்று அவளிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.