கிளீட்டஸ் அண்ணன் வளைத்துக் கட்டிய கடல்

கிளீட்டஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள்...

அவர் மனைவி மெர்சி அக்காதான் போன் செய்தார். "ஏளா ஜெனி, அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாருளா." அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் ஒரு டிவி சர்வீஸ் சென்டரில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் முன்னால் பில்லிங், அவர் பின்னால் மெக்கானிக்.

ரிப்பேர் முடிந்ததும் சேர் போட்டு உட்கார்ந்து அந்த டிவியில் ஒரு சீரியல் முழுசாகப் பார்ப்பார். கேட்டால் "டெஸ்டிங்ளா" என்பார். எந்த சீரியலில் யார் யாருக்கு மாமியார் என்று கஸ்டமர்களே அவரிடம்தான் கேட்பார்கள்.

மெர்சி அக்காவுக்கு ஒரே தம்பி, ரீகன். கடலில் முங்கி சங்கு எடுக்கிற வேலை. ஒரு நாள் முங்கியவன் மேலே வரவில்லை. மறுநாள்தான் எடுத்தார்கள்.

அதற்கப்புறம் அக்கா கடற்கரைப் பக்கமே போகவில்லை. வீட்டில் மீன் வாங்குவதும் நின்றுபோனது.

ஒரு தடவை என்னிடம் கேட்டார். "ஒரு ராத்திரி பூரா அவன் அங்கன கெடந்தாம்லா... அந்த எடம் எப்படிளா இருக்கும்?"

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

ரீகனோடு தொழிலுக்குப் போன சிலுவை, தண்ணீருக்கு அடியில் வீடியோ எடுத்து வந்தான். அண்ணன் அதை வீட்டு டிவியில் போட்டுக் காட்டினார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"மீன்தொட்டி மாதிரிலா இருக்கு. இதுக்குள்ளயா எந்தம்பி கெடந்தான்?"

மறுநாள் கடைக்கு வந்த அண்ணன் என்னிடம் சொன்னார். "டிவி பத்தாதுளா. அவ நடுவுல நிக்கணும். ரெண்டு பக்கமும் கடல் வரணும்."

கடையில் விற்கிற புரொஜெக்டர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவரே செய்ய உட்கார்ந்தார். டச் உடைந்த டேப்லெட்டின் டிஸ்ப்ளே, பின்னால் பெரிய எல்.இ.டி, முன்னால் லென்ஸ், சூட்டை வெளியே தள்ள ஒரு கம்ப்யூட்டர் ஃபேன். எல்லாம் ஒரு பிளைவுட் பெட்டிக்குள்.

தெரிந்தவர் ஒருவரின் உப்பு குடோன் காலியாகக் கிடந்தது. தோணி கட்டுகிற ஆசாரி ஒருவர் மரச்சட்டங்களை வளைத்துக் கொடுத்தார். அதன் மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களைத் திருப்பிப் போட்டு இழுத்துக் கட்டினோம். இந்தப் பக்கம் வெள்ளைத் திரை. அந்தப் பக்கம் யாரோ ஒரு கல்யாண ஜோடி சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பெட்டியில் டிஸ்ப்ளே சூட்டில் கருகிவிட்டது. அடுத்ததில் படம் வந்தது, ஆனால் திரை வளைவாக இருந்ததால் நடுவில் தெளிவாக இருந்தால் ஓரம் மங்கும், ஓரத்தைச் சரி செய்தால் நடு மங்கும். கடலின் தரை வாழைப்பழம் மாதிரி வளைந்து நின்றது.

"என்னண்ணே, கடலுக்கு முதுகு வலியா?" என்று கேட்டுவிட்டேன். ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அப்படி ஒரு கோபக்காரர்.

மூன்றாவது நாள் அவரே வந்தார். "ஒரு பெட்டி பத்தாதுளா. மூணா பிரிச்சிருவோம். ஆளுக்கு ஒரு துண்டு."

மூன்று பெட்டிகள். படங்கள் சேருகிற இடத்தில் வெளிச்சம் கூடிக் கோடு விழுந்தது. லென்ஸுக்கு முன்னால் கருப்பு அட்டையை வைத்து, நகர்த்தி நகர்த்தி அந்தக் கோட்டைக் கரைத்தார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதற்கே போயின...

சிலுவை ஒரே கம்பில் மூன்று கேமராவைக் கட்டிக்கொண்டு, ரீகன் கிடந்த இடத்துக்கே போய் முங்கி எடுத்து வந்தான்.

அக்கா வர மாட்டேன் என்றார். அண்ணன் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவராகவே குடோன் வாசலில் வந்து நின்றார்.

கதவைச் சாத்தி, வெளிச்சம் வருகிற ஓட்டையெல்லாம் சாக்கால் அடைத்தோம். அண்ணன், சிலுவை, நான், ஆளுக்கு ஒரு பெட்டி. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அண்ணன் சொல்ல, மூன்று பேரும் ஒன்றாக ஆன் செய்தோம்.

கடல் வந்தது. அக்காவைச் சுற்றி.

அக்கா ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார். "நெசமாவே இவ்வளவு வெளிச்சமா? இல்ல, எனக்காவ லைட்ட கூட்டி வச்சிருக்கியளா?"

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு மெர்சி" என்றார் அண்ணன். அப்புறம், "சிலுவை, நீ பாத்தவன்லா. நீ சொல்லுலே."

மூன்று பெட்டியிலும் லைட்டைக் குறைத்துக்கொண்டே வந்தோம்.

"இன்னும் கொறைங்க அண்ணாச்சி... இன்னும்... அங்கன நிறுத்துங்க. இதான். இப்படித்தான் இருக்கும்."

மங்கலான பச்சை. ஆனாலும் வெளிச்சம். மேலேயிருந்து இறங்கி மணல் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் ஒரே இருட்டுன்னுலா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அண்ணன் பக்கத்தில் போகவில்லை. போக முடியவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்து நடுப் பெட்டியின் ஃபேன் நின்றுவிட்டது. டிஸ்ப்ளே கருகிவிடக் கூடாதென்று ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே நின்றார். அவர் முகமும் நனைந்திருந்தது. விசிறுவதை மட்டும் நிறுத்தவே இல்லை.

அடுத்த வாரம் அக்கா எனக்கு ஒரு தூக்கில் மீன்குழம்பு கொடுத்துவிட்டார்.

சங்குக்குப் போகிற மற்றவர்களின் வீட்டுப் பெண்களும் கேள்விப்பட்டு வந்தார்கள். ஒருத்தி புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இங்கனயா தெனமும் போயிட்டு வாரீய?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அவன் தலையாட்டினான்.

பிறகு குடோனுக்கு உப்பு வந்தது. திரையைப் பிரித்தோம். எனக்குக் கல்யாணமாகி திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அடக்கம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

பஸ்ஸில்தான் இருக்கிறேன், வாகைக்குளம் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன் அண்ணே. அக்கா பக்கத்தில் நான் இருந்துகொள்கிறேன்.

நீங்கள் போய் வாருங்கள்.