தொட்டிக்குள் படர்ந்த மஞ்சள் பஞ்சு

பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊரார் பல்லில் காரை சுரண்டுகிறவருக்கு, வீட்டிலிருக்கும் உப்புநீர் மீன்தொட்டிதான் சொர்க்கம். மாலையில் அதன் முன் உட்கார்ந்தால் நீல வெளிச்சம் முகத்தில் ஆடும். உடம்பு நாற்காலியில் இருக்க, மனசு எங்கோ ஆழத்தில் நீந்தும். நகமளவு வாங்கி வந்து, நாலு வருஷத்தில் உள்ளங்கையளவு வளர்த்த பச்சைப் பவளம் ஒன்று அதில் உண்டு. பிள்ளையில்லாத மனுஷர், அதைத்தான் கொஞ்சுவார்.

அந்தப் பவளத்தின் மேல்தான், கல்லில் ஒட்டி வளரும் உயிரான மஞ்சள் கடற்பஞ்சு ஏறத் தொடங்கியது. பவளம் ஒட்டியிருந்த கல்லின் அடியில் பொட்டளவு இருந்தது, ஒரே மாதத்தில் பவளத்தின் கழுத்துக்கு வந்துவிட்டது. விட்டால் மூடியே விடும். ஆள் சும்மா இருப்பாரா? தொழில் பழக்கத்தில் பழைய பல் சுரண்டியைத் தண்ணீருக்குள் விட்டு, சுரண்டித் தள்ளினார். மஞ்சள் துகள்கள் தொட்டியெங்கும் மெல்ல மிதந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்தே நாளில் ஏழு இடத்தில் பஞ்சு முளைத்தது.

விஷயத்தைச் சொன்னதும் அலங்கார மீன்கடைக்காரர் போனிலேயே கத்தினார். “தண்ணிக்குள்ள யாராவது சுரண்டுவாங்களா சார்? பிஞ்சு போற ஒவ்வொரு துண்டும் ஒட்டிக்கும். கல்லை வெளிய எடுத்துச் சுரண்டுங்க, காத்து பட்டா செத்துடும். தீனியையும் குறைங்க. மிச்சத்துலதான் அது கொழுக்குது.”

“சாயங்காலம் ஒரு சிட்டிகைதாங்க போடறேன்!”

மறுநாள் அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தால், தொட்டி முன்னால் அக்கா. புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டுக்கு வந்து ஆறு மாதம். இதுவரை சரியாக வாய் திறந்ததில்லை. இப்போது கை நிறையத் தீனியோடு மீன்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா எல்லாரும்? சாப்பிடுங்க, சாப்பிடுங்க.”

“அக்கா!”

“கோவிச்சுக்காதேடா. நான் வந்து நின்னா ஓடி வருதுங்க. அதான்…”

திட்ட வாயெடுத்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கல்லை வெளியே எடுத்தார்.

“பவளம் காயாம உப்புத் தண்ணி விட்டுக்கிட்டே இரு அக்கா. நான் சுரண்டுறேன்.”

அக்கா கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசித் துண்டும் போனதும் தம்பி சொன்னார்: “இனிமே சாயங்காலம் ஒரே ஒரு சிட்டிகை. அதை நீயே போடு. நான் போடலை.”

ரெண்டு மாதத்தில் பஞ்சு வற்றியது; பவளத்தின் ஓரத்தில் புதுப் பச்சை துளிர்த்தது. மாலையில் அவர் உட்கார்ந்தால் மீன்கள் இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அடுக்களையில் அக்காவின் காலடி கேட்டதும் எல்லாம் கண்ணாடிப் பக்கம் வந்து மொய்த்தன.

“இன்னிக்கு லேட்டாயிடுச்சு, கோவிக்காதீங்க” என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டே அக்கா வந்தார். தம்பி எழுந்து நாற்காலியை அக்காவுக்கு விட்டுக் கொடுத்தார்.