நார்மல் என்று நான் எழுதிய காது

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் மைக்ரோஸ்கோப்பும் என்று நினைத்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். என் ஆராய்ச்சி ஒரு வேனுக்குள் நடந்தது. தண்டலம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நான் ஆடியோமெட்ரி டெக்னீஷியன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஆட்களுக்குக் காது எவ்வளவு போயிருக்கிறது என்று எங்கள் பேராசிரியர் ஆய்வு செய்தார். முடிவைப் பார்த்துத்தான் மெஷின்களைச் சுற்றிச் சத்தத் தடுப்பு போடுவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

கேன்டீன் ஓரமாக வேன் நிற்கும். உள்ளே கண்ணாடி வைத்த பூத். உட்காருபவருக்குக் காதில் ஹெட்ஃபோன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே இருந்து நான் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பேன்.

முதல் நாள் முருகேசன் வந்தார். காண்ட்ராக்ட் ஆள், ஒன்பது வருஷம் பிரஸ்ஸில் நின்றவர். பெயர் கேட்டால்கூட என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஆனால் டெஸ்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. கவனித்தேன். அவர் கண் என் விரல் மேல் இருந்தது. நான் சுவிட்சைத் தொட்டால் அவர் பட்டனை அழுத்தினார். ஆளை முதுகு காட்டி உட்கார வைக்க வேண்டும், அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நாற்காலியைத் திருப்பச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே வந்தார்.

"காது போச்சுன்னு எழுதினா காண்ட்ராக்ட்காரன் நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான் மேடம். வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. அப்டியே வுட்டுடுங்க."

பெயர் வெளியே போகாது, கன்சென்ட் ஃபார்மில் எழுதியிருக்கிறது என்றேன். அந்த ஃபார்மில் கையெழுத்து வாங்கியதே காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர்தான் என்றார். அவர் அழுத்தியதை அப்படியே நார்மல் என்று எழுதிக்கொண்டேன். நாற்காலி திரும்பவில்லை.

சேதி ஷாப் முழுக்கப் பரவியது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்ததும் என் கையைத் தேடினார்கள். நானும் எல்லாருக்கும் நல்லவளானேன். பேராசிரியர் ரிசல்ட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ரெண்டாம் தடவை பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்று கட்டுரை வெளிவந்தது. கம்பெனி சத்தத் தடுப்பைக் கைகழுவியது.

மறு வருஷம் ஷாப்புக்குள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஹார்ன் அடித்தபடியே ரிவர்ஸில் வந்தது. முருகேசன் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வெளியே போகாது என்று நான் சொன்ன ரிப்போர்ட், அவர் பெயரோடு சேஃப்டி ஆபீசரின் ஃபைலில் இருந்தது. காது நார்மல், ஹார்ன் கேட்டும் ஒதுங்கவில்லை, தவறு தொழிலாளியுடையது என்று விசாரணையை முடித்தார்கள். ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து.

ஆஸ்பத்திரிக்குப் போய், உண்மையை எழுதிக் கொடுக்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது கேக்காதுன்னு எழுதினா பொய் சொல்லி வேலைல இருந்தேன்னுவான். கேக்கும்னா என் தப்புன்றான். இன்னா எழுதப் போறீங்க மேடம்?"

ஆனாலும் எழுதினேன். கம்பெனி பதில் போடவில்லை. பேராசிரியர், கட்டுரைதான் வந்தாயிற்றே என்றார். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். அதற்கு முன்னால், ஃபார்மில் கையெழுத்து வாங்கியது யார் என்று கேளுங்கள். சூப்பர்வைசர் என்றால் வேனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். நான் ரெண்டையும் செய்யவில்லை. அந்த மனுஷனுக்கு இரக்கம் காட்டியதாக ஒரு வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.