பண்டிகை நாளில் ஒரு காதல் காமெடி

வீடியோ கேசட் கடைக்குப் பண்டிகைதான் முகூர்த்தக் காலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் அண்ணன் நடத்திய கடையில் கல்லாவில் உட்கார்ந்தது நான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். பண்டிகைக்கு வரும் சித்தி, "இந்த வருஷமாவது உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவாள். கடையில் ஆள் நிற்கும்போது கேட்க முடியாதே! அதனால் ஊரே லீவு போடும் நாளில் நான் வேலைக்கு ஓடினேன். பொங்கலுக்குள் என்னை யார் தலையிலாவது கட்டுவதென்று சித்தி சபதமே போட்டிருந்தாள். அதே கேள்வியில் அடிபட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தீபாவளி

அஸ்தினாபுரத்து ஆட்டோ டிரைவர் ஒருவர் கேசட் போடும் டெக்கும் டிவியும் வாடகைக்குக் கேட்டு வந்தார். வழக்கமாக ஒரு கும்பலே சேர்ந்து எடுக்கும். இவர் ஒற்றை ஆள். பண்டிகைக்கு நன்றாக ஓடும் அழுகைப் படம் ஒன்றை நீட்டினேன். பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, காதல் காமெடியாகக் கேட்டார்.

"சோகப் படம்னா கண்ணத் தொடைக்க ஒரு ஆளு வோணும்க்கா. சிரிக்கிறதுக்கு நான் ஒருத்தன் போதும்."

கிறிஸ்துமஸ்

ஸ்டெல்லா மிஸ் பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். விடுமுறையில் தனியாக மாட்டிக்கொண்ட பெண்ணுக்குக் காதல் வருகிற ஆங்கிலப் படம் ஒன்றை வருஷா வருஷம் எடுப்பார். ரீவைண்ட் செய்யாமலே திருப்பித் தருவார். அந்த முறை டெக்கில் போட்டுப் பார்த்தேன். கதாநாயகன் மோதிரத்தை வெளியே எடுக்கும் இடத்தில் கேசட் நின்றிருந்தது. உங்கள் டெக் மக்கர் பண்ணுகிறதா என்று விசாரித்தேன்.

"டெக் நல்லாத்தான் இருக்கும்மா. அதுக்கு மேல அந்தப் பொண்ணு நம்ம ஆளு இல்லையே!"

பொங்கல்

சித்தி சொன்னபடி ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். பீர்க்கன்கரணைக்காரர், கேசட் எடுக்க வருகிறவர் போல வந்து என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒளிய இருந்த ஒரே இடமும் போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்தது.

மடிப்புக் கலையாத சட்டையில் வந்தவர், காதல் படம் ஒன்று கேட்டார். வாசலில் சித்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேசட்டில் ஒரு படம் இருந்தால் சிங்கிள், இரண்டு இருந்தால் டபுள் என்பது எங்கள் கடைக் கணக்கு. பதற்றத்தில், பழக்கதோஷமாக, "சிங்கிளா, டபுளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு சிங்கிளே போதுங்க. டபுள் எங்கம்மாவோட ஆசை. பிடிக்கலன்னு நீங்களே சொல்லிடுங்களேன், ப்ளீஸ்!"

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. என் மனசைப் புரிந்துகொண்ட ஒரே மாப்பிள்ளையை, அன்று சாயங்காலமே நிம்மதியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.