துரையின் ஆஸ்டின்

மலேசியாவில், ஆயர் தாவாரில் பஸ்ஸைத் தவறவிட்ட எனக்கு மாரிமுத்து தன் காரில் இடம் கொடுக்கிறார். கறுப்பு ஆஸ்டின், என்னைவிட வயதில் மூத்தது. தோல் இருக்கை வெயிலில் சுடுகிறது. அவர் வளர்ந்த தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கார் இது.

"ஈப்போவுல எத்தனையோ பேரு விலைக்குக் கேட்டுட்டாங்க அண்ணே. குடுக்க மாட்டேன்லா. சின்ன வயசுல இந்தச் சத்தத்தக் கேக்கவே ரோட்டோரம் ஓடியாந்து நிப்பேன்."

எண்ணெய்ப்பனை நிழலில் எதிரே ஒரு பெரியவர் சைக்கிளில் வருகிறார். எஞ்சின் சத்தம் கேட்டதும் சட்டென்று இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாகத் தலைகுனிந்து நிற்கிறார். எனக்குப் புரியவில்லை.

"துரை காரு வந்தா தோட்டத்துல யாரும் சைக்கிள்ல உக்காந்திருக்கக் கூடாது. எங்கப்பாவும் இந்தச் சத்தத்துக்கு இப்படித்தான் இறங்கி நிப்பாரு," என்கிறார் மாரிமுத்து. குரல் இறங்கிவிட்டது.

காரை நிறுத்தி எஞ்சினை அணைக்கிறார். தலையை வெளியே நீட்டுகிறார்.

"பெரியப்பா, நான் மாரிலா! துரை போயி எத்தனை வருசமாச்சு? சைக்கிள்லயே ஏறிப் போங்க."

பெரியவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். தலையாட்டுகிறார். ஆனால் எங்களைத் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் நடக்கிறார். காரின் பின்பக்கம் போனபிறகே ஏறி மிதிக்கிறார்.