கன்னத்தில் அதக்கிய மாத்திரை

பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறையில் பதினோரு வருஷமாக மைக் பிடித்தவள் அவள். டிரைவர்களுக்கு ‘மைக் அக்கா’. தான் வாயைத் திறந்தால்தான் ஒரு வண்டியாவது நகரும் என்று நினைத்திருந்தாள், உதவிக்கு ஒரு புதுப்பெண் வரும்வரை.

“இப்பல்லாம் வண்டி வந்தும் ஜனங்க ஏற மாட்டேங்குது. புதுப்பொண்ணு குரலைக் கேட்டுட்டு அப்படியே நிக்குதுங்க,” என்றார் நேரக் காப்பாளர். அக்கா சிரித்துவைத்தாள். வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை இருவரும் அதிகாரி முன் அறிவிப்பு வாசித்துக் காட்ட வேண்டும். யார் குரல் தேறுகிறதோ அதைப் பதிவு செய்து, இனி அதையே ஒலிக்கவிடுவார்களாம். ஞாயிறன்று பார்த்து அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி தெறித்தது.

புதுப்பெண் பையிலிருந்து ஆஸ்பிரின் அட்டையை எடுத்தாள். “இந்தாங்கக்கா. சாப்பிட்டுட்டு, தண்ணி ஊத்தி முழுங்கிடுங்க.”

நேற்று வந்தவள் எனக்கு மாத்திரை முழுங்கக் கற்றுத்தருகிறாளா? அக்கா முழுங்கவில்லை. வலிக்கிற இடத்திலேயே வைத்தால் போகாதா என்று பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே அதக்கிக்கொண்டாள். கரைந்ததும் இன்னொன்று.

காலையில் கன்னத்தின் உட்புறம் பாலாடை படிந்தாற்போல் வெள்ளையாக வெந்திருந்தது. நாக்குப் பட்டால் தோல் உரிந்தது. தண்ணீர்கூட மிளகாயாய்க் காந்தியது.

மருந்துக்கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். “அதக்கி வச்சீங்களா? அது அமிலம்மா. முழுங்க வேண்டியதை வாய்க்குள்ள வச்சா சுட்டுடும். இனிமே வைக்காதீங்க, பத்து நாள்ல ஆறிடும். பல்லை டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அதிகாரி அறையில் அக்காவால் ஒரு ஊர்ப் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. “என்னம்மா ஆச்சு?” என்றார் அவர்.

அக்கா புதுப்பெண்ணைக் கைகாட்டினாள். “இவ குடுத்த மாத்திரை சார்,” என்று குழறினாள்.

புதுப்பெண்ணின் முகம் வாடியது. “முழுங்கத்தானேக்கா சொன்னேன்.” பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். “அக்கா வாய் ஆறட்டும் சார். பத்து நாள் தள்ளி வச்சுக்கலாம்.”

அவரும் சரி என்றார்.

அதையும் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் பாவி. நன்றி சொல்ல வாய் வரவில்லை என்பதற்குப் புண் ஒரு சாக்காக இருந்தது.

அன்று முழுக்க அக்கா வண்டி எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்ட, புதுப்பெண் வாசித்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எங்காவது ஓரிடத்தில் அவள் நாக்கு தடுமாறாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம்வரை ஒரு தடுமாற்றம்கூடத் தேறவில்லை.