கான்வென்ட் வாங்காத ஈஸ்ட்

அமலோற்பவத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. திருத்துறைப்பூண்டியில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். காலை பதினொரு மணிக்கு ஒரு பன், ஒரு டீ. முப்பது வருஷமாக மெஷின் நிற்பது அப்போதுதான். மார்கழித் தொடக்கத்தில் அவள் உடம்பு தடித்துத் தடித்து அரித்தது. டெஸ்ட் எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு ஈஸ்ட் ஒத்துக்கலை. பிரெட், பன், ரஸ்க் எதையும் தொடாதீங்க" என்றார். இட்லி தோசையைத் தடுக்கவில்லை.

பன்னை விட்டாள். அதோடு இன்னொன்றையும் விட்டாள் என்பது கணவர் சவரிராஜுக்கு அடுத்த ஞாயிறு சர்ச் பூசையில்தான் தெரிந்தது. சாமியார் கையால் அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்து போனார்கள். 'நன்மை வாங்குவது' என்பார்கள் அதை; அந்த அப்பம் ஆண்டவரின் உடம்பு என்பது நம்பிக்கை. இவள் மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள்.

"யார்கூட சண்டை?" என்றார் வெளியே வந்ததும்.

"அதுவும் ரொட்டிதானே. ஒத்துக்காது."

"சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட வேண்டியதுதானே."

"ஆண்டவர் உடம்பு எனக்கு அரிக்குதுன்னு கேக்கவா? நீங்களே போய்க் கேளுங்க."

அவர் போகவில்லை.

நன்மை வாங்காதவளுக்கு மனசில் ஏதோ பகை என்றுதான் ஊர் நினைக்கும். நினைக்கட்டும் என்று இருந்திருப்பாள். ஆனால் தைக் கடைசியில் மகன் ஆன்டோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வராவிட்டால், சம்பந்தம் பிடிக்கவில்லை என்றுதானே பெண் வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்? மணப்பெண் ஷீபாவைத் தேடிப் பிடித்தவளே இவள்தான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு கேக் சொல்ல, வழக்கமாகப் பன் வாங்கும் இர்பானின் பேக்கரிக்குப் போனாள். அவர் பழக்கத்தில் பன்னை எடுத்தார். வேண்டாம் என்று காரணம் சொன்னாள்.

"அவ்வளவுதானா? கோச்சுக்கிட்டீங்களோன்னு இருந்தேன். கேக் சாப்பிடலாம்க்கா, அதுல பேக்கிங் பவுடர்தான். சோடா உப்பும் மோரும் விட்டு ஒரு ரொட்டி போட்டுத் தர்றேன். மெத்துன்னு இருக்காது, டீக்குத் தாங்கும். சப்பாத்தி இருக்கு. உங்க கோயில் அப்பம் இருக்கு."

"அதுலயும் ஈஸ்ட்டுதானே?"

"அந்த அப்பம் சுடுற கான்வென்ட்டுக்கு மாவு அனுப்புறதே நான்தான். எட்டு வருசத்துல ஒரு பாக்கெட் ஈஸ்ட் கேட்டதில்லை. இத்தனை வருசம் வாங்கியிருக்கீங்க, அது எப்பவாச்சும் உப்பிப் பாத்திருக்கீங்களா?"

அவள் நேரே கான்வென்ட்டுக்குப் போனாள். சிஸ்டர் சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவுக் கரைசலை ஊற்றிக் காகிதம் போல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கோதுமை மாவு, தண்ணி. உப்புகூடக் கிடையாது" என்றவர் விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டார். "உங்களுக்குத்தான் யார்மேலயோ கோவம்னு தினம் ஒரு செபமாலை சொல்லிட்டிருக்கேன்."

"அதை நிறுத்திடாதீங்க சிஸ்டர். மாமியாராகப் போறேன்."

வட்டம் வெட்டியது போக மிஞ்சிய விளிம்புத் துண்டுகள், இன்னும் பூசையில் வைக்காதவை, ஒரு பை நிறையக் கிடைத்தன. வீட்டுக்கு வந்து டீயோடு தின்று பார்த்தாள். ராத்திரி வரை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை.

கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் நன்மை வாங்கியதும் முதலில் எழுந்தவள் அமலோற்பவம்தான். திரும்பி வந்து முழங்காலிட்டவள் வெகுநேரம் எழவில்லை.

சவரிராஜ் குனிந்தார். "என்ன, அரிக்குதா?"

"சும்மா இருங்க. நன்றி சொல்லிட்டிருக்கேன். இன்னும் இர்பான்கிட்டயே வரலை."